பொறிவண்டுக்கு இரண்டு தீர்ப்பு

என் பெரியப்பா ஓர் அம்பாஸடர் வைத்திருந்தார். அதில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் எழுந்ததே இல்லை. கல்யாணத்துக்குப் புறப்பட்டால், "வீட்டில் யார் மிச்சம்?" என்றுதான் கேட்பார்கள். மிச்சமிருப்பவரையும் ஏற்றிக்கொண்டுதான் வண்டி கிளம்பும்.

1985-ம் வருஷம் அவருடைய மகன் பாங்கில் கடன் வாங்கிச் சின்னஞ்சிறு வெள்ளைக் கார் ஒன்றைத் தஞ்சாவூர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பெரியப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். காரை ஒருமுறை வலம் வந்தார். பிறகு கதவை விரலால் தட்டிப் பார்த்தார். தேங்காயைத் தட்டி முற்றலா இளசா என்று சொல்கிறவர் அவர்.

"ஏண்டா, திருச்சி ரோட்டிலே எதிரே லாரி வந்தால் இது என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"நேற்று வரைக்கும் நானும் உங்கள் மருமகளும் இரண்டு குழந்தைகளும் ஸ்கூட்டரில்தானே அப்பா அந்த ரோட்டிலே போய்க்கொண்டிருந்தோம்? அப்போதும் இதே லாரிதானே எதிரே வந்தது?" என்றான் அவன்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. திண்ணைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில் எது நியாயம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. சில வருஷங்கள் கழித்து மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தைப் படித்தபோதுதான், இதே வழக்கு முன்பே கடல் கடந்து நடந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரே காரின்மீது இரண்டு தேசங்களில் விசாரணை நடந்து, ஒன்றுக்கொன்று நேர்மாறான தீர்ப்புகள் வழங்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காரின் பெயர் சுபாரு 360.

ஜப்பானில், டோக்கியோவுக்கு வடமேற்கே குன்மா மாகாணத்தில் ஓட்டா என்று ஓர் ஊர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அங்கே நகாஜிமா விமானக் கம்பெனி போர் விமானங்கள் செய்துகொண்டிருந்தது. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும், இனி விமானமே செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. கைதேர்ந்த என்ஜினீயர்களும் தொழிலாளிகளும் வேலை இல்லாமல் நின்றார்கள். 1946-ல் அவர்கள் ராபிட் என்ற பெயரில் ஒரு ஸ்கூட்டரைச் செய்யத் தொடங்கினார்கள். முதல் மாதிரிக்குச் சக்கரம் அகப்படாமல், கிடங்கில் மிஞ்சிக் கிடந்த குண்டுவீச்சு விமானத்தின் வால்சக்கரத்தை எடுத்துப் பொருத்தினார்கள் என்று சொல்வார்கள். வானத்தில் பறந்தது வீதியில் உருண்டது.

பழைய கம்பெனி பல துண்டுகளாக உடைக்கப்பட்டது. அந்தத் துண்டுகளில் ஐந்து சேர்ந்து 1953-ல் ஆறாவதாக ஒரு கம்பெனியைத் தொடங்கி, பிறகு அதனுள்ளே கலந்துவிட்டன. புஜி கனரகத் தொழில் என்பது அதன் பெயர். அது செய்யப்போகும் காருக்கு சுபாரு என்று பெயர் வைத்தார்கள். சுபாரு என்றால் என்னவோ என்று வாசகர்கள் மலைக்க வேண்டாம். நம்முடைய கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குத்தான் ஜப்பானிய மொழியில் அந்தப் பெயர். நமக்கு ஆறு கார்த்திகைப் பெண்கள். அவர்களுக்கு ஆறு கம்பெனிகள்!

அந்த நாளில் ஜப்பானியக் குடும்பஸ்தனுக்குக் கார் என்பது எட்டாக் கனி. பெரிய கார்கள் டாக்ஸிக்காரர்களுக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும்தான் கட்டுப்படியாகும். ஆனால் சர்க்கார் சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. நீளம் 3 மீட்டருக்குள், அகலம் 1.3 மீட்டருக்குள், எஞ்சின் 360 சி.சி.க்குள் அடங்கினால் அதற்குக் 'கெய்', அதாவது இலகு வண்டி, என்று பெயர். அதற்கு வரி குறைவு. ஏனைய கார்களுக்கு இருந்த சர்க்கார் பரிசோதனை 1973 வரை அதற்கு இல்லை. பதினாறு வயதுப் பையனும் அதற்கென்றுள்ள லைசென்ஸை வாங்கி ஓட்டலாம். அந்த லைசென்ஸ் 1968 வரை நடப்பில் இருந்தது. இவ்வளவு சலுகை இருந்தும், அந்த அளவுக்குள் நான்கு பேர் உட்காரக்கூடிய கார் ஒன்றைச் செய்து காட்டுவது பெரும்பாடாக இருந்தது. கயிற்றுக் கட்டிலில் கூட்டுக் குடும்பத்தைப் படுக்கவைக்கிற வித்தை அது.

இந்த வேலை ஷின்ரோக்கு மொமோசே என்ற என்ஜினீயரிடம் வந்தது. அவர் விமானக் கம்பெனியில் இருந்தவர். விமானம் செய்கிறவனுக்கு ஒரு குணம் உண்டு. எடையைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் கீழே ஒரு கனத்த இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் உடம்பைத் தூக்கி வைத்திருப்பார்கள். மொமோசே அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார். வண்டுக்கு உள்ளே எலும்பு இல்லை அல்லவா? அதன் ஓடுதான் உடம்பைத் தாங்குகிறது. அதுபோல மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்துக் கூடாக்கி, அந்தக் கூடே பாரத்தைத் தாங்கும்படி செய்தார். கூரைக்கு எஃகுகூட வேண்டாம் என்று கண்ணாடி இழையில் வார்த்தார். எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அது 356 சி.சி., 16 குதிரைசக்தி. மொத்த வண்டியின் எடை 385 கிலோ. கல்யாண வீட்டில் பத்துப் பேர் சேர்ந்தால் அலாக்காகத் தூக்கிச் சந்துக்குள் வைத்துவிடலாம்.

1958 மார்ச்சில் கார் வெளிவந்தது. விலை 4,25,000 யென். ஒரு பட்டதாரிக்கு மாதத் தொடக்கச் சம்பளம் பதின்மூன்றாயிரம் யென் அளவில் இருந்த காலம் அது. ஆகவே விலை அப்படியொன்றும் அற்பமில்லை. ஆனாலும் மூன்று வருஷச் சம்பளத்துக்குள் கார் என்றால், கனவு கைக்கு எட்டிவிட்டது என்றுதானே பொருள்? ஜனங்கள் அதை வாங்கினார்கள். உருண்டை முதுகும் வட்டக் கண்களுமாக இருந்த அதற்குப் 'பொறிவண்டு' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். 1971-ல் உற்பத்தி நிற்பதற்குள் ஏறக்குறைய 3,92,000 பொறிவண்டுகள் பிறந்து வீதிக்கு வந்துவிட்டன.

ஜப்பானில் அதை ஆபத்தான கார் என்று ஜனங்கள் நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்பதற்குக் காரணம் அந்தக் காரில் இல்லை, ரோட்டில் இருந்தது. 1956-ல் அந்நாட்டுச் சாலைகளைப் பார்வையிட வந்த அமெரிக்க நிபுணர் குழு, முதல்தர நெடுஞ்சாலைகளிலேயே முக்கால் பங்குக்கு மேல் தார் காணாதவை என்று எழுதி வைத்தது. அந்தச் சாலையில் எந்தக் காரும் பறக்க முடியாது. எதிரே வந்தவையும் பெரும்பாலும் சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள், மூன்று சக்கரச் சிறு லாரிகள். தன் உயரம் உள்ளவர்கள் நடுவில் குள்ளன் குள்ளனே அல்ல. மழையில் நனைந்துகொண்டு ஸ்கூட்டரில் போன குடும்பம் கூரைக்குக் கீழே வந்துவிட்டது. குழந்தை பின்னால் தூங்கிக்கொண்டு வரலாம். இதைவிடப் பத்திரம் என்ன வேண்டும்? என் பெரியப்பா மகன் சொன்ன பதிலையே ஒரு தேசம் முழுவதும் சொல்லிற்று.

இனிக் கடலின் அடுத்த கரைக்குப் போவோம்.

மால்கம் பிரிக்லின் என்று ஓர் அமெரிக்க வியாபாரி. ராபிட் ஸ்கூட்டர்களை இறக்குமதி செய்யும் எண்ணத்தோடு ஜப்பானியர்களை நாடியவர், அங்கே பொறிவண்டைக் கண்டார். 1968-ல் ஹார்வி லாம் என்பவரோடு சேர்ந்து, அமெரிக்காவில் சுபாரு விற்பதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார். ஒரு காரின் விலை 1,297 டாலர். மலிவுதான், அவலட்சணம்தான், அதனாலென்ன என்ற தோரணையில் விளம்பரம் செய்தார்கள்.

அவர் கண்ணில் அந்தக் கார் பட்டதற்கு மலிவு மட்டும் காரணமல்ல. அதற்குச் சிறிது காலம் முன்னால்தான் அமெரிக்காவில் கார்களின் ஆபத்தைப் பற்றிப் பெரும் கூக்குரல் கிளம்பியிருந்தது. ரால்ப் நாடர் என்ற இளம் வக்கீல் 1965-ல் எழுதிய புத்தகம் கார் முதலாளிகளைக் கிடுகிடுக்க வைத்தது. மறு வருஷமே சட்டம் வந்தது. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து புதிய கார்களில் ஸீட் பெல்ட் இருக்க வேண்டும், மோதினால் ஸ்டியரிங் தண்டு மார்பில் குத்தாமல் மடங்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் அமலாயின. ஆனால் அந்த விதிகளில் ஓர் ஓட்டை இருந்தது. 1,000 ராத்தலுக்குக் குறைவான வண்டிகளுக்கு அவை பொருந்தாது. ஆயிரம் ராத்தல் என்றால் சுமார் 454 கிலோ. பொறிவண்டு அதற்குள் அடங்கிவிட்டது.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். பயில்வானுக்குக் கவசம் கட்டாயம். நோஞ்சானுக்கு வேண்டியதில்லை என்கிறது சட்டம். யாருக்குப் பாதுகாப்பு மிகவும் அவசியமோ, அவனைப் பார்த்துத்தான் "உனக்கு விலக்கு" என்கிறது. அதற்குச் சலுகை என்று வேறு பெயர்!

1969 ஏப்ரலில், கார்களைச் சோதித்துப் பார்த்து எழுதும் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை இந்தக் காரைக் கையில் எடுத்தது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 மைல் வேகத்தை எட்ட அதற்கு 37 விநாடிக்கு மேல் ஆயிற்று. மற்றவர்கள் 60 மைலிலும் 70 மைலிலும் பாய்ந்துகொண்டிருக்கும் நெடுஞ்சாலையில் இது நுழைவதென்றால், ஓடும் ரயிலில் நொண்டிக்கொண்டே ஏறுகிற மாதிரிதான். கதவுகளின் கீல் பின்பக்கம் இருந்தது. ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனால், எதிர்க்காற்றே கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். பெரிய அமெரிக்கக் காரோடு மோதவிட்டுப் பார்த்தபோது, அந்தக் காரின் பம்பர் பொறிவண்டில் மனிதர்கள் உட்காரும் இடத்துக்குள்ளேயே வந்து நின்றது. "ஏற்கத்தக்கதல்ல" என்று பத்திரிகை தீர்ப்பு எழுதியது.

அதோடு விற்பனை படுத்துவிட்டது. பதினாயிரம் கார்கள் போல் விற்றதோடு சரி. விற்காமல் நின்றவற்றில் சிலவற்றை, காசு கொடுத்துக் காரோட்டி விளையாடும் மைதானங்களுக்கு அனுப்பினார் பிரிக்லின். ஒரு நாட்டில் குடும்பத்தின் குலதெய்வம் மாதிரி இருந்தது, இன்னொரு நாட்டில் திருவிழா ராட்டினமாயிற்று.

இந்த இரண்டில் எந்தத் தீர்ப்பு சரி? மூன்றாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர்கள் இதற்கு விடை கண்டுவிடலாம். 450 கிலோவுள்ள சிறு கார் ஒன்று, அதைப்போல் நான்கு மடங்கு, 1,800 கிலோ எடையுள்ள பெரிய கார் ஒன்று. இரண்டும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கார் சின்னக் காரைத் தள்ளிக்கொண்டே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகும். பெரிய காரில் இருப்பவருடைய வேகம் ஐம்பதிலிருந்து முப்பதாகிறது. அவருக்கு விழும் அடி இருபது. சின்னக் காரில் இருப்பவரோ முன்னோக்கி ஐம்பதில் வந்தவர், பின்னோக்கி முப்பதில் தள்ளப்படுகிறார். அவருக்கு விழும் அடி எண்பது. இரண்டும் சின்னக் காராகவே இருந்தால் ஆளுக்கு ஐம்பதோடு போயிருக்கும்.

ஆக, சின்னக் காரின் ஆபத்தில் பெரும்பகுதி அதனுள் இல்லை; எதிரே வருகிறவனிடம் இருக்கிறது. எல்லோரும் பொறிவண்டில் போகும் ஊரில் பொறிவண்டு பரவாயில்லை. யானைகள் நடமாடும் ஊரில் அது பொறிவண்டுதான். இரண்டு நாட்டாரும் தத்தம் ரோட்டைப் பார்த்துச் சரியாகவே சொன்னார்கள்.

அப்படியானால் சின்னக் கார்க்காரன் தலைவிதியே என்று இருக்க வேண்டியதுதானா? இல்லை. அதற்கு ஜப்பானே பதில் சொல்லிற்று. 1963-ல் அங்கே முதல் அதிவேக நெடுஞ்சாலையின் முதல் பகுதி திறந்தது. தார்ச் சாலைகள் பெருகின, வேகம் பெருகியது, லாரிகள் பெருத்தன. 1970-ம் வருஷத்தில் மட்டும் 16,765 பேர் சாலையில் மாண்டார்கள். அதைப் 'போக்குவரத்து யுத்தம்' என்றே பத்திரிகைகள் எழுதின. பழைய ரோட்டுக்கு ஏற்ற தீர்ப்பு புதிய ரோட்டுக்குச் செல்லாது என்பது தெரிந்தது. 1973-ல் இலகு வண்டிகளும் சர்க்கார் பரிசோதனைக்கு வந்தன. அளவும் படிப்படியாக வளர்ந்தது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1998-ல் செய்த திருத்தம். இலகு வண்டிக்கு 10 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் கூட்டிக் கொடுத்தார்கள். எஞ்சின் 660 சி.சி.யை விட்டு ஓர் அணுவும் கூடவில்லை. வேகத்துக்காக அல்ல, மோதலைத் தாங்கிக்கொள்ளும் இடத்துக்காகவே அந்த நான்கு விரற்கடையைக் கொடுத்தார்கள். வண்டி சிறியதாகவே இருக்கட்டும். உள்ளே இருக்கும் உயிரைச் சிறியதாக எண்ணக் கூடாது என்பதுதான் அந்தத் திருத்தத்தின் பொருள்.

இனி நம் ஊருக்கு வருவோம். வருவதற்கு நேர்வழியே இருக்கிறது. 1983 டிசம்பரில் இந்திய வீதியில் இறங்கிய மாருதி 800, சுஸுகி கம்பெனியின் ஜப்பானிய இலகு வண்டியின் பிள்ளைதான். அங்கே அளந்து கொடுத்திருந்த சின்ன எஞ்சினுக்குப் பதிலாக 796 சி.சி. எஞ்சினை வைத்து அனுப்பினார்கள். அம்பாஸடரில் உட்கார்ந்து பழகியவர்கள் அதைப் பார்த்து நகைத்தார்கள். ஸ்கூட்டரில் உட்கார்ந்து பழகியவர்கள் வரிசையில் நின்று முன்பணம் கட்டினார்கள். எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தானே கார் சிறியதாகவும் பெரியதாகவும் தெரிகிறது?

இருபத்தைந்து வருஷம் கழித்து, 2008 ஜனவரி 10-ந் தேதி டில்லியில் ரத்தன் டாட்டா நானோ காரைக் காட்டினார். மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைக் கண்டதுதான் தம் மனத்தில் இந்த எண்ணத்தை விதைத்தது என்று அவர் சொல்லிவந்தார். லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஆலைக்கு எடுத்த நிலத்தினால் சிங்கூரில் கிளர்ச்சி. தொழிற்சாலையே வங்காளத்திலிருந்து குஜராத்துக்கு இடம் பெயர்ந்தது. கார் வெளிவந்தபின் சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பட்டமே அதற்கு வினையாயிற்று. வாசலில் கார் நிற்கிறது என்ற பெருமைக்காக வாங்குகிறவன், 'இதுதான் ஆக மட்டமான விலை' என்று ஊரே அறிந்ததை வாங்குவானா? 2018-ல் உற்பத்தி நின்றது.

இதற்கிடையில், 2014 ஜனவரியில், க்ளோபல் என்காப் என்ற சோதனை ஸ்தாபனம் இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டுப் பார்த்தது. நானோ, ஆல்ட்டோ 800, ஐ10, பிகோ, போலோ ஆகிய ஐந்துக்கும், பெரியவர்களைப் பாதுகாப்பதில், பூஜ்ய நட்சத்திரம். சிலவற்றின் கூடே நசுங்கிப் போயிற்று. ஆனால் போலோவின் கூடு நிலைகுலையவில்லை. உள்ளே காற்றுப்பை இல்லாததுதான் குறை. இரண்டு காற்றுப்பைகளை வைத்து அதே காரை மறுபடி மோதவிட்டார்கள். நான்கு நட்சத்திரம் கிடைத்தது! நீளம் கூடவில்லை, அகலம் கூடவில்லை. இரண்டு பைகள்தான் கூடின.

இந்த ஒரு செய்தி பழைய வாதத்தின் வேரையே அறுத்துவிட்டது. "சின்னக் கார் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தோம். அப்படித்தான் இருக்கும் என்பதல்ல. அப்படி இருந்தால் போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். எடைக் கணக்கை மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் கூட்டின் பலமும் காற்றுப்பையும் பெல்ட்டும் எடைக் கணக்கில் சேர்ந்தவை அல்ல. விலைக் கணக்கில் சேர்ந்தவை. 2017 அக்டோபரிலிருந்து புதிதாக வரும் மாதிரிகளுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுபவருக்கு ஒரு காற்றுப்பையாவது வேண்டும் என்றாயிற்று. மாருதி 800 வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது அப்போது.

பெரியப்பா மகன் அன்று சொன்ன பதிலை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். "ஸ்கூட்டரைவிட மேல்" என்று அவன் சொன்னது முழு உண்மை. வாங்குகிறவன் அதைச் சொல்லலாம். அவன் குடும்பத்தை நனையாமல், விழாமல் கொண்டுபோக அவனுக்கு எட்டிய வழி அதுதான். ஆனால் அதே வாக்கியத்தை விற்கிறவன் சொன்னால் அது சாக்கு. சட்டம் செய்கிறவன் சொன்னால் அது அநீதி. அமெரிக்காவின் ஆயிரம் ராத்தல் விலக்கிலும் நம் நாட்டின் பூஜ்ய நட்சத்திரத்திலும் ஒளிந்திருந்தது அந்த ஒரே வாக்கியம்தான்: இவனுக்கு இதுவே அதிகம்.

பெரியப்பாவும் பிறகு அந்த வெள்ளைக் காரில் ஏறத்தான் செய்தார். அம்பாஸடரை விற்றபின் வேறு வழி இல்லை. முன் ஸீட்டில், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவார். எதிரே லாரி வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, இல்லாத பிரேக்கை மிதிப்பதுபோல வலது காலைத் தரையில் அழுத்துவார். லாரி கடந்துபோன பிறகுதான் கால் தளரும். நாங்கள் பின்னால் உட்கார்ந்து சிரிப்போம். சிரித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் காரில் எங்களுக்காக இருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அந்தக் கால்தான்.